மூன்றாவது குதிரை

துப்பாக்கியைத் தொடமாட்டோம் என்ற மன்னரின் குதிரைப்படை, பீரங்கிகளுக்கு எதிரே வெறும் வாளோடு அணிவகுத்தது. தெய்வானை வழக்கம்போல் அங்கேயே படத்தை நிறுத்தினாள். இருபது வருடங்களில் எத்தனையோ முறை பார்த்தும், அதைத் தாண்டியதில்லை. இடமிருந்து மூன்றாவது குதிரையில் அவள் கணவன் சிங்காரம், துணை நடிகன், மீசையை முறுக்கியபடி இன்னும் உயிரோடு இருந்தான்.

“இனிமேதானே அத்தை சண்டையே!” என்று புது மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து அழுத்தினான்.

குதிரைகள் பாய்ந்தன. புகைக்குள் மூன்றாவது குதிரை இடறி உருண்டது.

“அடேயப்பா! நிஜமாவே விழுற மாதிரி விழுறான் பாருங்க!”

“நிஜமாத்தான் விழுந்தாரு, மாப்பிள்ளை.” தெய்வானை சுவரில் மாலை தொங்கிய படத்தைக் காட்டினாள். “அன்னிக்கு ஒட்டு மீசை, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. மறுபடி ஏறி உக்காரட்டும்.”