மூணாறுக்கு ஒரு நாவல்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை ஒட்டிய புத்தகக் கடையில் மாலை வெயில் அட்டைப் படங்களின் மேல் விழுந்து கிடக்கிறது. நாளை கணவனோடு மூணாறு போகவிருக்கும் ஜஸீமா, கடை நடத்தும் தன் தோழி அபிஷாவிடம், "கொஞ்சம் சூடான காதல் நாவலாச் சொல்லுட்டி" என்கிறாள். "மாப்பிள்ளை பக்கத்துல இருக்கையில புஸ்தகம் எதுக்குட்டி?" கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அபிஷா சிரிக்கிறாள். ஜஸீமாவின் விரல்கள் துப்பட்டா நுனியைத் திருகுகின்றன. "அவுகளுக்கு வாசிச்சுக் காட்டத்தான். சவுதியில விபத்துல கண்ணு போனதுல இருந்து என்னையத் தொடவே கூசுதாவ." வெளியே ராயகிரி பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. அபிஷாவுக்கு முகமெல்லாம் எரிகிறது. அடுக்கின் அடியிலிருந்து ஒரு நாவலை உருவி, தூசியே இல்லாத அட்டையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். "இதுல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். அவசரப்படாம வாசி" என்று நீட்டுகிறாள். ஜஸீமாவின் முகத்தை மட்டும் அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.