அதிரச வரி

எதிர்வீட்டு ரகமத் கொடுத்த நோன்புக் கஞ்சியைக் குடித்து முடித்து, தூக்கைக் கழுவி, அதில் நாலைந்து அதிரசம் போட்டு எடுத்துக்கொண்டு மரகதம் வெளியே வந்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை.

நிலைப்படியில் அரசாங்கம் பதித்திருந்த கேமராக் கண் சிவந்து பேசியது.

"கஞ்சிக்கு அதிரசம். இது பண்டமாற்று. வரி உண்டு. பொருளாகவும் செலுத்தலாம். வெறும் பாத்திரத்துக்கு வரிவிலக்கு."

ரகமத் தன் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். "வெறும் தூக்காவே குடுத்துருங்கக்கா. போன தடவ நீங்க குடுத்த முறுக்குக்கு இவரு சம்பளத்துல புடிச்சுட்டாங்க."

மரகதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோடு போடத் துப்பில்லை, தண்ணீர் விடத் துப்பில்லை. எதிர்வீட்டுக்குப் போகும் பலகாரத்தை எண்ண மட்டும் கண் வைத்துவிட்டார்கள்!

"நாங்க ஆசையாக் குடுத்துக்கிறதுல உனக்கென்னடா பங்கு? அடுப்புல நின்னு வெந்தது நானா, நீயா?"

"வரி நிலுவையில் உள்ளது" என்றது கண்.

"சரி, வாசல்ல வந்து கையேந்துறவனுக்கு இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. இந்தா!"

எண்ணெயும் வெல்லமும் பிசுபிசுக்கும் அதிரசம் ஒன்றை எடுத்து அந்தக் கண்ணிலேயே அப்பினாள். பிறகு நிமிர்ந்து நடந்துபோய், தூக்கை ரகமத்தின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை கண்ணை எறும்பு மொய்த்திருந்தது. அரசாங்கத்தைவிட எறும்புகள் எவ்வளவோ தேவலை. கொடுத்ததை மட்டும்தான் தின்றன.