மேல் போல்ட்

"வண்டி இப்போதைக்குக் கிளம்பாது."

வண்டிக்கு அடியிலிருந்து அண்ணனின் குரல் மட்டும்தான் வந்தது. வெளியே தெரிந்தது ரெண்டு கால்.

பிக்கப் வண்டியில் கட்டில், பீரோ, மெத்தை, குழந்தையின் தொட்டில் எல்லாம் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. கடைசியாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி அப்படியே நின்றான்.

மூன்று நாளாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. சரக்கு இறக்குகிற இடத்தில், பத்துப் பேர் முன்னால், "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா லைசென்ஸ்?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரின் அந்தக் கோடியில் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டான். இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சாவி வாங்காவிட்டால் வீடு வேறு ஆளுக்கு.

போகலாமா, வேண்டாமா என்று அவன் மனைவியை யாரும் கேட்கவில்லை.

"ஏன் கிளம்பாதாம்? கேளு" என்றான் அவளிடம்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே குனிந்து, "மாமா, ஏன் கிளம்பாதாம்?" என்றாள்.

"டிஃபரன்ஷியல் ஆயில் மாத்துறேன்னு சொல்லும்மா. பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல குடம் மாதிரி தொங்குதே, அதுக்குள்ள இருக்கிற ஆயில். இவ்வளவு பாரத்தை ஏத்திட்டுப் போய், பாதி வழியில கியர் பல்லு தேஞ்சு வண்டி நின்னா? கைக்குழந்தையோட நடுரோட்டுல நிப்பானாமா?"

அவள் நிமிர்ந்து, "டிஃப..." என்று ஆரம்பித்தாள்.

"காதுல விழுந்துச்சு" என்றான் தம்பி.

எதிர்வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு வந்துவிட்டார். "தம்பி வீட்டை விட்டுப் போற அன்னைக்குத்தான் ஆயில் ஞாபகம் வருதா? வண்டியைக் கொடுக்க மனசில்லைன்னு நேராச் சொல்லிட்டுப் போங்களேன்."

வண்டிக்கு அடியிலிருந்து ஆயில் டிரேயில் இறங்குகிற சத்தமும், மூக்கைப் பொத்த வைக்கிற ஒரு நாற்றமும்தான் வந்தது.

அரை மணி கழித்து மறுபடி குரல். "கீழ் போல்ட்டைக் கழட்டி இருந்த ஆயிலை இறக்கிட்டேன். திரும்ப ஊத்தலாம்னா மேல் போல்ட் வர மாட்டேங்குது."

தம்பியின் மூன்று நாள் மௌனம் அங்கே உடைந்தது. "மேல் போல்ட்டைத்தானேண்ணே முதல்ல கழட்டிப் பாக்கணும்! அது வரும்னு தெரிஞ்சப்புறம்தானே கீழ கை வைக்கணும்? எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நீதானே!"

"மறந்துட்டேன்டா."

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறே. இது மறக்குமா?"

"வயசாகுதுல்ல."

டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார். "வேணும்னே பண்றாருப்பா. நீ ஒரு வாடகை வண்டியைக் கூப்பிடு."

"சொந்த வண்டி வாசல்ல நிக்கும்போது வாடகை வண்டியா? நல்லா இருக்கே கதை!" அடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியும் அடியில் புகுந்தான்.

இப்போது வெளியே நாலு கால்.

"வருதா?"

"எங்கடா வருது?"

"இன்னும் கொஞ்சம் அழுத்துண்ணே."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீ பிடி... ம்ம்ம்... ஹப்பா!"

இந்த முக்கலும் முனகலும் ஒரு மணி நேரம் ஓடியது. டெய்லருக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்பேனர் பிடியில ஒரு நீளப் பைப்பை மாட்டித் திருப்புங்கய்யா. எப்பேர்ப்பட்ட போல்ட்டும் வந்துடும். உங்க வீட்டுலயே இருக்கே, நேத்துகூடப் பார்த்தேன்."

அடியில் முக்கல் சட்டென்று நின்றது.

அப்புறம் தம்பியின் குரல் சுரத்தில்லாமல் வந்தது. "ஏய்... அந்தப் பைப்பை எடுத்துட்டு வா."

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"காணோங்க."

வண்டிக்கு அடியில் ரெண்டு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

ஐந்தேகாலுக்குப் புது வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார். "வண்டி படுத்துடுச்சுங்க. பரவாயில்லை, வீட்டை அந்த வேற ஆளுக்கே கொடுத்துடுங்க" என்றான் தம்பி.

கயிற்றை அவிழ்த்தார்கள். முதலில் இறங்கியது தொட்டில். மேலேயிருந்து தம்பி கொடுக்க, கீழேயிருந்து அண்ணன் வாங்கினார்.

"அண்ணனாம் அண்ணன்! கிடைச்ச வீட்டையே கெடுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே டெய்லர் கிளம்பினார்.

ஆயில் டிரேயைக் கழுவலாம் என்று அவள் எடுத்தாள்.

"ஐயையோ, கொட்டிடாதே!" தம்பி ஓடி வந்தான். "காலையில அதையேதான் வடிகட்டி ஊத்தணும்."

அவள் டிரேக்குள் பார்த்தாள். கறுப்பு இல்லை. தேன் மாதிரி புத்தம்புது ஆயில்.

"ஏங்க, போன ஞாயித்துக்கிழமைதானே ரெண்டு பேரும் சேர்ந்து இதை மாத்தினீங்க? கறை போகாம அந்த ரெண்டு சட்டையையும் நான் மூணு தடவை துவைச்சேனே?"

"மெதுவாப் பேசுடி."

"அப்போ அந்த மேல் போல்ட்டு?"

"தொட்டாலே சுத்தும். அண்ணன் சும்மா முக்கினாரு. சரி, பாவம், தனியா முக்குறாரேன்னு நானும் கூட முக்கினேன்." அவன் சிரித்தான். "நல்லவேளை, அந்தப் பைப் கிடைச்சிருந்தா ரெண்டு பேரும் டெய்லர்கிட்ட மாட்டியிருப்போம்."

அவள் அவன் போகிற வரைக்கும் காத்திருந்து, குளியலறையில் ஊறப் போட்டிருந்த துணிகளுக்கு அடியிலிருந்து பைப்பை உருவித் துடைத்து, அது எப்போதும் இருக்கும் மூலையில் சாத்தி வைத்தாள்.