சவேரியான் திருக்கை

விடியற்காலையில் சவேரியான் வலையை இழுத்தபோது அதில் கிடந்தது வெறும் திருக்கை மீன்தான். ஒன்பது மணிக்கு வள்ளம் கரை சேர்ந்தபோது அது பாதுகாக்கப்பட்ட விலங்கு ஆகியிருந்தது. புது இனம் ஒன்று பட்டியலில் ஏறிய நிமிஷமே சட்டமும் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தச் செய்தி நடுக்கடலுக்கு எட்டுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

"ஏழு வருஷம் உள்ள போகணும். வள்ளமும் போச்சு," என்றார் கரைக் காவலர். "இது வேற இனம்னு உமக்குத் தெரியாதாக்கும்?"

தெரியாமல் என்ன? அதைக் கண்டு சொன்னதே சவேரியான்தான். போன வருஷம் ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணிடம் இரண்டு திருக்கைகளைப் புரட்டிப் போட்டு, "தாயி, ரெண்டும் ஒண்ணில்ல. இதுக்கு அடிவயிறு மஞ்சள். மழைக்கு முந்திதான் மேல வரும்" என்று வாய் வலிக்கச் சொன்னான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மடியிலிருந்த போன் அடித்தது. அவளேதான்.

"அண்ணாச்சி, நீங்க காட்டின மீனுக்கு உங்க பேரையே வெச்சுட்டோம்!" என்று சந்தோஷத்தில் கத்தினாள்.

சவேரியான் போனை மடியில் செருகினான். காவலர் வழக்குப் பதியும் கருவியை அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"பேரைச் சொல்லும்."

"சவேரியான்."

கருவி அதை ஏற்கவில்லை. "அது இறந்த விலங்கின் பெயர்," என்றது. "கொன்றவரின் பெயரைச் சொல்லவும்."