எலுமிச்சை ஊறும் நேரம்

ஜெயசீலன் தலையணை உறையை மின்விசிறியின் இறக்கையில் மாட்டினார்.

முக்காலி லேசாக ஆடியது. ஒரு கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உறையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

சாம்பல் நிறத் தூசி, கட்டி கட்டியாக உறைக்குள் விழுந்தது.

கட்டிலில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

இத்தனை வருடமும் துடைப்பத்தால் தட்டித்தான் பழக்கம். தட்டினால் தூசி போய்விட்ட மாதிரி இருக்கும். அது எங்கும் போவதில்லை. காற்றில் ஏறி நின்றுவிட்டு, ஆள் அசந்த நேரத்தில் இறங்கி வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் இந்த உறை வேலையைச் சொல்லிக் கொடுத்தாள். தூசியைக் கிளப்பக் கூடாது, பிடிக்க வேண்டும் என்றாள்.

மற்ற இரண்டு இறக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் துடைத்தார்.

மணி ஒன்பது.

பன்னிரண்டுக்குள் மனைவி வேதமணி வந்துவிடுவாள். மகள் ஷைனி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வருகிறாள்.

ஐந்து நாளுக்கு முன் மனைவியை இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியவர் ஜெயசீலன்தான். ஓடும்படி செய்ததும் அவர்தான்.

அவளுக்கு இருபது வருடமாக வீசிங். தூத்துக்குடியின் உப்புத் தண்ணீரில் குளியலறை முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. அதைப் பளிச்சென்று ஆக்கிக் காட்ட வேண்டும், அவள் அசந்துபோக வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. கை சும்மா இருக்கவில்லை.

பிளீச்சிங் பவுடரைத் தூவினார். அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினார். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்று நினைத்தார்.

மஞ்சளாகப் புகை கிளம்பியது.

அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்துவிட்டார். பக்கத்துச் சமையலறையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

டாக்டர் அவரைத் திட்டவில்லை.

வேதமணியும் திட்டவில்லை. அவளால் முடியவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

ஜன்னல்களை எல்லாம் திறந்தார்.

துடைப்பத்தைத் தொடவில்லை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, நனைத்து, முறுக்கிப் பிழிந்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அலமாரியின் மேல்தட்டில் தொடங்கிக் கீழே வந்தார். கடைசியில் தரை. ஃபினாயில் வேண்டாம். வாசனை வருகிற எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர்.

மெத்தை விரிப்பும் போர்வையும் காலையிலேயே வெந்நீரில் அலசி மாடிக்குப் போய்விட்டன.

மீதி இருந்தது குளியலறை.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

பத்து எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்திருந்தார். சாற்றில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினார். சுவரில் ஒட்டினார். தரையில் விரித்தார்.

ஆசிட்டுக்கு ஒரு நிமிடம் போதும். எலுமிச்சைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காத்திருப்பதும் வேலைதான் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

துணியை எடுத்துவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். உப்பு மாவு மாதிரி உதிர்ந்தது. குழாயில் அவர் முகம் தெரிந்தது.

தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை. தேய்த்தார். அசையவில்லை.

மணி பதினொன்று பத்து.

பால்கனி அலமாரியில் அரை பாட்டில் ஆசிட் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு மூடி ஊற்றினால் போதும். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அவள் வருவதற்குள் வாடை போய்விடும்.

எழுந்து பால்கனி வரைக்கும் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்து, அந்த வெள்ளையின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு விளக்கை அணைத்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஆட்டோ வந்தது.

ஷைனி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, வேதமணி சுவரைப் பிடிக்காமல் உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தின் நடுவில் நின்று மூக்கால் காற்றை இழுத்தாள்.

அவர் அவள் தோள்களையே பார்த்தார். ஏறின. இறங்கின.

அவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள்.

அவர் கதவு வரைக்கும் பின்னால் போனார்.

இருமல் வரப்போகிறது என்று அவர் நின்றார்.

“என்னங்க, சோப்பு டப்பாவ எதுக்கு வலது பக்கம் வச்சீங்க, எனக்கு எடது பக்கம்லா கைக்கு எட்டும், இந்தக் கால்மிதிய நனைச்சு அப்படியே போட்டிருக்கீங்க, யாரு வழுக்கி விழணும்னு, வாளியக் கவுத்து வைங்கன்னு எத்தன தடவ சொல்லியாச்சு, கொசு வரும்லா, அஞ்சு நாளு ஆளு இல்லன்னா வீட்ட இப்படியா போட்டு வப்பாங்க!”

எல்லாம் ஒரே மூச்சில்.

ஷைனி பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

ஜெயசீலன் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்துகொண்டார். கண்களை மூடிக்கொண்டார்.

“வேற?” என்றார்.