முதலில் சாப்பிடு

"மொதல்ல பன்னைச் சாப்பிடு மக்கா. பொறவு கேள்வி கேளு" என்றார் மாணிக்கராஜ்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த எஸ்லின், பல்கலைக்கழக விடுதியில் தங்கித் தகவல் தொடர்பியல் படிப்பவள். சாவுச் செய்தியை மனிதர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் ஊரான கரிவலம்வந்தநல்லூரில், திருச்சபையில் யார் இறந்தாலும் வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்வது மாணிக்கராஜ்தான். அடுத்த வாரம் பேசலாம் என்றிருந்தவர், இன்று காலை தானே கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தார்.

பன்னைத் தின்று முடித்தவள், ரெக்கார்டரைப் போட்டு செல்போனை மேசையில் வைத்தாள்.

"நெஞ்சுகிட்ட இருந்தா கொரல் நல்லா விழும்" என்று அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எடுத்த எடுப்புலயே சொல்லிருவியளா அண்ணாச்சி?"

"சொல்லக் கூடாது. மொதல்ல வயித்துக்கு எதாவது குடுக்கணும். கேட்டதுக்கு அப்புறம் ஒரு வாய் எறங்காது."

"பொறவு?"

"போனை அவங்க கையில விடக் கூடாது. எவனாவது வாட்ஸ்அப்புல போட்டுத் தொலைச்சிருவான்."

எஸ்லின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

"எனக்குத்தான் அண்ணாச்சி, குடுங்க."

"கெடக்கட்டும்."

நின்ற போன் மறுபடியும் அதிரத் தொடங்கியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"பொறவு... வண்டி வாரது வரைக்கும் வேற எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும்."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாணிக்கராஜ் எழுந்து அவளுடைய தோள்பையை எடுத்துக்கொண்டார்.

எஸ்லின் காலித் தட்டையே பார்த்தாள்.

"அண்ணாச்சி... அப்பாவா, அம்மாவா?"