காசியில் விட்டது

கை நடுங்கியது. பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்துப் பார்த்தாள். அப்போதும் நடுங்கியது.

முதுகில் வழிந்த வியர்வை பாவாடை நாடாவில் தேங்கியது. ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

காலையில் ஊசி போட்டுக்கொண்டாள். இட்லிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போகையில் கீழே குழாயடியில் பக்கத்து பிளாக் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிடித்துக்கொண்டது.

"மீன் கொழம்ப யாரு தின்னான்னு என்னைய ஏன் கேக்குறீங்க? ஒங்க மகன் வயித்தக் கேளுங்க!"

இதற்கு மாமியார் என்ன சொல்வாள் என்று தெரியாமல் பால்கனியை விட்டு எப்படி உள்ளே போவது? நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

சண்டை முடிந்து திரும்பினாள். மாவு மாவாகவே இருந்தது.

சீனி டப்பாவைத் திறந்தாள்.

வெந்தயம்.

வீட்டில் சீனி நின்று ஆறு வருடம். ஊருக்குச் சொன்ன கதை வேறு. "இனிப்பக் காசியில விட்டுட்டேன்." யார் வீட்டுப் பாயசம் வந்தாலும் இப்படிச் சொல்லித்தான் தள்ளிவைத்தாள். காசிக்குப் போனது உண்மை. அங்கே அவள் விட்டது பாகற்காயை. பிடிக்காத காய், விடுவது சுலபம். அப்போது சர்க்கரை வந்திருக்கவில்லை.

பிறகு ரத்தக்கொதிப்பு வந்தது. ஊறுகாயை ராமேஸ்வரத்தில் விட்டாள். சிறுநீரகம் சரியில்லை என்றார்கள். வாழைப்பழத்தைத் திருச்செந்தூரில் விட்டாள். முழங்கால் வலிக்கு எதை விடுவதென்று தெரியாமல் பழியைச் செருப்பின்மேல் போட்டாள்.

அந்த ஹவுசிங் போர்டில் யாருக்கு எங்கே கல், யாருக்கு எதில் அடைப்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் சங்கதி மட்டும் குழாயடிக்குப் போய்விடக் கூடாது. போனால் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது? கொண்டுபோகிற ஆளே அவள்தானே.

கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

மகன் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். இன்று செவ்வாய்.

அந்த மாடியில் இரண்டே வீடு. இவளுடையது ஒன்று. எதிரே பிலோமினா.

பிலோமினாவோடு பேச்சு நின்று ஒரு வருடம். அவள் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தது இவள்தான். கண்டுபிடித்ததோடு விட்டாளா?

"கல்யாணமே பண்ணாதவ, எழுபது வயசுல யாருக்குடி கதவத் தெறந்து வச்சிருக்கா?"

குழாயடி ஒரு வாரம் சிரித்தது. சிரிப்பு படியேறி பிலோமினா காதுக்கும் போனது.

இவள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மேலே ஒரு தாழ். கீழே ஒரு தாழ். நடுவில் சங்கிலி.

மூன்றையும் இப்போது திறந்தாக வேண்டும்.

மேல் தாழ் வந்துவிட்டது. கீழ்த் தாழுக்குக் குனிந்தபோது தரை எழும்பி முகத்துக்கு வந்தது. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து அதையும் இழுத்தாள்.

சங்கிலி விரலுக்குப் பிடிபடவில்லை.

கீழ் பிளாக் ஓவர்சியர் ஞாபகத்துக்கு வந்தார். தனியாக இருந்த மனிதர். கடப்பாரை போட்டுக் கதவைப் பெயர்த்தபோது முன்வரிசையில் நின்றவள் இவள். மூன்று நாள் வாடை எப்படி இருக்கும் என்று மாதக்கணக்கில் விவரித்தவளும் இவள்தான். "உள்ள நல்லாத் தாழ் போட்டுத்தான் படுத்திருக்காரு மனுசன்" என்று சேர்த்துக்கொள்வாள்.

விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

சங்கிலி கழன்றது.

எதிர்க் கதவில் கை ஊன்றினாள். தட்டுவதற்கு முன்பே அது திறந்துகொண்டது.

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"விருந்தாளி வந்திருக்காங்க. காப்பிக்கு... ஒரு கரண்டி சீனி..."

நாக்கு குழறியது. ரவிக்கை உடம்போடு ஒட்டியிருந்தது. வாங்கிப்போகப் பாத்திரம் எதுவும் கையில் இல்லை.

 பிலோமினா கட்டுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். துணி பின்னால் இழுபட, நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். கரண்டி டம்ளரில் மோதும் சத்தம் வேகவேகமாகக் கேட்டது.

டம்ளர் உதட்டுக்கு வந்தது. இந்த நேரத்திலும் தலை பழக்கத்தில் ஆடியது.

"காசியில..."

"காசிய நான் பாத்துக்கிறேன். நீ குடி."

குடித்தாள். வாய் ஓரத்தில் ஒழுகியதையும் நக்கிக்கொண்டாள்.

பிலோமினா விட்டெழுந்த நாற்காலியில் சரிந்து கொஞ்ச நேரம் கிடந்தாள். நடுக்கம் அடங்கியது. பார்வை தெளிந்தது. தெளிந்ததும் கண் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. மேஜையில் மாத்திரை டப்பா. இவளுடையதைவிடப் பெரிது. பக்கத்தில் இவள் போடுகிற அதே ஊசி. கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் பாக்கெட்.

கதவில் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளில் ஒட்டடை.

யாருக்கு என்று கேட்டிருந்தாள் அல்லவா?

பிலோமினா கட்டிலில் உட்கார்ந்து கட்டுத்துணியின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை. வந்த விருந்தாளி யார் என்றுகூட.

வீட்டுக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தியதும் கை தானாக மேல் தாழுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

கையை இறக்கிக்கொண்டாள். சங்கிலி சும்மா தொங்கியது.

குழாயடியில் கேட்பார்கள். கேட்காமல் விடுவார்களா, அவள் பழக்கிவைத்த கூட்டம்.

தாழ்ப்பாளை எந்த ஊரில் விட்டதாகச் சொல்வது?